நான்காம் பத்தி

ஆணையர் அறிக்கையில் பத்தொன்பது பத்திகள்.
ஆட்சேபணை ஏழாம் பத்திக்கு மட்டும்.

பக்கிரிசாமி வாய்க்கால் கரையை வெட்டி
வயலோடு சேர்த்துக்கொண்டது நாலேகால் அடி
என்கிறது ஏழு.
ஓரடிகூட இல்லை என்கிறது மனு.
இருபது நிமிடம் வாதம்.
முடிக்கும்போது இரண்டு வக்கீல்களும்
ஒரே குரலில் சொன்னார்கள்:
"மற்றபடி அறிக்கையில் தகராறு இல்லைங்கம்மா."

தகராறு இல்லாததைப் படிக்க வேண்டுமா?
ஏற்கலாம், தள்ளலாம், திருப்பி அனுப்பலாம்,
எல்லாம் என் இஷ்டம்.
யாரும் விரல் வைக்காத பக்கத்தில்
நானும் வைக்காமல் போனால்
கேட்க ஆளில்லை.
திருத்துறைப்பூண்டி முன்சீப் கோர்ட்டில்
ஆயிரத்து முந்நூறு கட்டு காத்திருக்கிறது.
கிளார்க் அமலதாஸ் முத்திரையை
மையில் ஒற்றித் தயாராக வைத்திருந்தார்.

கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

சம்சுனிசா நல்ல ஆணையர்.
வேலியோரம் நின்று எழுதுகிற ஆளில்லை.
சர்வேயரோடு சங்கிலியின் மறுமுனையைத் தானே பிடித்து,
மதகுச் செங்கல்லை வரிசை வரிசையாக எண்ணி,
பதினோரு புகைப்படம் இணைத்திருக்கிறார்.
ஒன்றில் அவர் நிழலும் விழுந்திருக்கிறது,
குடையோடு.

நான்காம் பத்தி:
"நொச்சி வாய்க்காலின் தரை வெடித்து
நெருஞ்சி படர்ந்து காணப்பட்டது.
நீரோட்டத்தின் அடையாளம் எதுவும் இல்லை.
ஆகவே வாய்க்கால் உபயோகத்தில் இல்லை எனக் கருதுகிறேன்."

பார்த்தது மூன்று வரி.
கருதியது ஒரு வரி.

தாளைத் திருப்பித் தேடினேன்.
பார்வையிட்ட நாள் முதல் பக்கத்தில், சின்ன எழுத்தில்:
ஏப்ரல் ஒன்பது.

ஏப்ரல் ஒன்பதில்
எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும்?
மேட்டூர் மூடி இரண்டு மாதம் தாண்டியாயிற்று.
முள்ளியாற்று மணலிலேயே
பையன்கள் ஸ்டம்பு நட்டிருப்பார்கள்.
திறந்த பிறகும்
கல்லணையில் பிரிந்து, முறை வைத்து, மறுபடி பிரிந்து
இந்தக் கடைமடைக்கு வந்து சேர
ஆடி பாதி போய்விடும்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.
தெரிந்ததாலேயே ஒருவரும் எழுதவில்லை.
எழுதாததால்
தையல்நாயகியின் இரண்டு மா நிலம்
என் கையெழுத்தில் காய இருந்தது.

அவள் வக்கீலுக்குத் தெரியாதா?
தெரியும்.
ஏழாம் பத்தி அவருக்குச் சாதகம்.
அந்த நாலேகால் அடியைக் காப்பாற்ற
அறிக்கை மொத்தத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்,
நான்கும் உள்ளே இருப்பதைப் பார்க்காமல்.

காலையில் சொல்லச் சொல்ல அமலதாஸ் தட்டினார்.
ஏழுக்கான ஆட்சேபணை தள்ளுபடி;
சங்கிலி பிடித்தபோது இரு தரப்பும் பக்கத்தில்தான் நின்றார்கள்.
நான்கில் பார்த்தவை ஏற்கப்படுகின்றன,
கருதியது ஏற்கப்படவில்லை.
அதே ஆணையர், அதே சர்வேயர்,
ஆற்றில் முறைத்தண்ணீர் விட்ட ஏழு நாளுக்குள்
மறுபடி போய்ப் பார்க்கவும்.

இரண்டு தரப்புக்கும் கோபம்.
ஒருவருக்கு ஏழில், ஒருவருக்குத் தாமதத்தில்.
நாளைக்கு என் தீர்ப்பும்
சப் கோர்ட்டில் யாரோ ஒருவர் மேசைக்குப் போகும்.
அவரும் ஆட்சேபித்த பத்தியைப் படிப்பார்.
நான் கருதிய வரி ஒன்று
வேறெங்கோ, எல்லோரும் ஒப்புக்கொண்ட இடத்தில்,
சும்மா உட்கார்ந்திருக்கும்.

பின்வரிசையில் நின்றிருந்த சம்சுனிசா
முன்னால் வந்தார். முகத்தில் வருத்தமில்லை,
அல்லது மறைத்துக்கொண்டார்.
"உத்தரவில் ஒரு விளக்கம் வேணும்மா.
இந்த வருசம் தண்ணி வரவே இல்லன்னா
எந்தத் தேதியில போகட்டும்?"

அமலதாஸ் தட்டுவதை நிறுத்தி
என்னைப் பார்த்தார்.

வாய்தா ஆகஸ்ட் இருபத்தொன்று.