பூ உதிர்ந்த இடம்

தக்காளியின் அடிப்பக்கம்,
பூ உதிர்ந்த இடத்தில்,
நாணயம் அளவுக்குக் கறுப்பு.
அழுத்திப் பார்த்தேன்.
பழைய செருப்புத் தோல் மாதிரி அமுங்கியது.
நாற்றமில்லை. புழுவில்லை.

"பூச்சி" என்றார் சிவலிங்கையா,
வீட்டுக்காரர்.
வேப்பெண்ணெய் அடித்தேன்.
காயப்போட்ட துணியெல்லாம் ஒரு வாரம் கசந்தது.

"சுண்ணாம்புச் சத்து" என்றாள்
கீழ் வீட்டு பிலோமினா, மூன்றாம் வகுப்பு டீச்சர்.
கைப்பையைத் துழாவிப்
பதினோரு சாக்பீஸ் துண்டு தந்தாள்.
புதைத்தேன். முட்டை ஓடும் புதைத்தேன்.
அடுத்த கொத்தும் அடியிலிருந்தே கறுத்தது.

வெட்கமாக இருந்தது.
என் வேலையே அதுதான்:
பானஸ்வாடி ரோட்டு ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
யாருக்குக் கால்சியம் எவ்வளவு என்று எண் அடிப்பது,
குறைந்தால் சிவப்பில் அடிப்பது.
என் மாடியில் ஏழு நோயாளிகள்,
எனக்கொரு ரிப்போர்ட் எழுத வரவில்லை.

லிங்கராஜபுரத்துக்குக் காவேரி
செவ்வாயும் வெள்ளியும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு.
வந்த அன்று தாராளம்.
பக்கெட் பக்கெட்டாக ஊற்றுவேன்,
தொட்டிகள் வழிந்து மாடி நனையும்.
மற்ற நாள் டேங்கர் தண்ணீர், காசு கொடுத்தது.
இலை தொங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று
டூட்டிக்குப் போய்விடுவேன்.

ஏழில் ஆறில்தான் அழுகல் என்று
மே மாதம்தான் கவனித்தேன்.
ஏழாவது, பெயின்ட் டப்பாவில் நட்டது,
சாக்பீஸ்கூடப் போடாதது,
சின்டெக்ஸ் டேங்குக்கு அடியில் கிடந்தது.
அதன் பழங்களைத் தூக்கிப் பார்த்தேன்:
அடிவரை சிவப்பு.

மேலே வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது.
நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு.
கையில் வாட்ச் இருந்தது, எண்ணினேன்.

சத்து மண்ணில் இருந்திருக்கிறது.
ஏறிப்போகத் தண்ணீர்தான் இல்லை.
வருகிற தண்ணீரை
வெயிலில் விரிந்த இலைகள் முதலில் இழுத்துக்கொள்ளும்.
காய் வரிசையில் கடைசி.
அதிலும் அடிப்பக்கம், கடைசிக்கும் கடைசி.
ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்றால்
எத்தனை முட்டை ஓடு போட்டென்ன.

(நான் போன் செய்வதும் அப்படித்தான்.
மூன்று மாதம் ஒன்றுமிருக்காது,
பிறகு ஒரு ராத்திரி முழுக்க.
சேலத்தில் தங்கை தூங்கிவிழுந்தபடி "ம்" கொட்டுவாள்.)

அதே ஞாயிறு
அன்வர் பாஷா ஸ்பேனரோடு வந்தார்.
"எத்தனை மாசமா ஒழுகுது மேடம், எவ்வளவு வேஸ்ட்."
பத்து நிமிடத்தில் நின்றது.
சிவலிங்கையா சந்தோஷமாகக் காசு கொடுத்தார்.
ஊரின் ஒரே வைத்தியர்
பெட்டியோடு பஸ் ஏறுவதைப் பார்ப்பதுபோல
நான் நின்றேன்.

திங்கட்கிழமை லேபில்
தேதி முடிந்த டிரிப் செட் ஏழு கேட்டேன்.
"யாருக்கு?" என்றாள் ஷர்மிளா.
சொன்னேன்.
சிரித்து முடித்தபின் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது கொடிக்கம்பியில்
ஏழு பாட்டில் தலைகீழாகத் தொங்குகிறது.
சக்கரத்தைத் திருகி
ஒன்பது சொட்டுக்கு வைத்திருக்கிறேன்.
காற்றுக்கு ஒரு ஊசித்துளை,
மண்ணின் மேல் தேங்காய் நார்,
யூரியா நிறுத்தியாயிற்று.
துணி எடுக்க வந்த சிவலிங்கையா
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"டிஸ்சார்ஜ் எப்போ?" என்றார்.

கறுத்தவற்றைத் தூக்கிப் போடவில்லை.
ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற நோய் இல்லை இது.
அடியை வெட்டி எறிந்துவிட்டு
மிச்சத்தை ரசம் வைத்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

புதுக் காய்கள் இன்னும் சுண்டைக்காய் அளவு.
வெள்ளி இரவு இரண்டு மணி,
டேங்கில் தண்ணீர் விழும் சத்தம்.
டார்ச்சோடு போய்
ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தூக்கி
அடியைப் பார்க்கிறேன்.
பச்சை.
பச்சை.
இதில் ஏதோ நிழல்,
என் கட்டைவிரலுடையதாகவும் இருக்கலாம்.