இடப்பக்க இருக்கை

விளாடிவாஸ்டாக்கில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம்.
என் காரின் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்.
ஓரத்துப் பள்ளத்தை ஒட்டி உட்கார்ந்து
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.
இதில் அதிசயம் ஏதுமில்லை.
கப்பலில் வந்து இறங்கும் ஜப்பானின் பழைய கார்களில்தான்
இந்த ஊரில் பலரின் பிழைப்பு.

சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் பேசுவாள்.
வாக்கியம் முடியும் இடத்தில் தலைகுனிகிற குரல்.
காலை வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து
நானும் திருப்பிச் சொல்லிவந்தேன்,
கண்ணாடியில் பனிக்கட்டி சுரண்டிக் கை மரத்த நாட்களிலும்.
துறைமுகத்தில் மொழிபெயர்க்கும் பையன் ஒருநாள் ஏறினான்.
காது கொடுத்தான். சிரித்தான்.
“சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்கிறாள், அக்லாயா.”
இங்கே எந்தச் சாவடி, எந்த அட்டை?
மறுநாளும் வணக்கம் சொன்னேன்.
வாய் பழகிவிட்டது.

திரையில் வரைபடம் உண்டு, அதில் ஜப்பான் மட்டும் உண்டு.
நான் ரொட்டி வாங்கப் போனாலும்
அம்புக்குறி நடுக்கடலில் நீந்துகிறது.

ஹெட்லைட் கொஞ்சம் இடப்பக்கம் எட்டிப் பார்க்கும்.
அங்கே நடைபாதை இருக்கும் என்று
யாரோ அதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
இங்கே அந்த இடத்தில்
எதிரே வருகிறவனின் கண்கள்.
கறுப்பு டேப் ஒட்டினேன்.

மீன் ஆலையின் லாடாவை ஓட்டும் நாளில்
இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டுவேன்.
வெயிலில் காய்ந்த கண்ணாடியைத் துடைத்தபடி
திரும்பும் பெண்ணைப் பார்த்தால்
அது நான்.

யெஃபிம் ஒரு மாலுமியிடம் சோறாக்கும் பானை வாங்கிவந்தான்.
பொத்தானில் குட்டி யானை.
அதன் ஊரில் நூறு வோல்ட், எங்கள் சுவரில் இருநூற்றிருபது.
பாதிப் பாட்டு பாடியது,
புகைந்தது,
யானை அணைந்தது.
“பசித்தவனுக்கு அவசரமாக ஊட்டிவிட்டோம்” என்றான்.
அப்படித்தான் பேசுவான். கோபப்பட முடியாது.

பிப்ரவரியில் கம்சாத்காவுக்குப் போனான்.
நண்டுப் படகு என்றான்.
படகுக்கு ஒரு பெயர் இருந்தது, பெண்பெயர்,
அது படகில்லை.

மருத்துவமனை வாசலில் சீட்டு தரும் இயந்திரம்
இடப்பக்கம் நிற்கிறது.
முன்பு அவன் கையை நீட்டி எடுப்பான்.
இப்போது கதவுப் பையில் சமையல் இடுக்கி ஒன்று.
காலி இருக்கையின் மேல் குப்புறச் சாய்ந்து
இடுக்கியால் சீட்டைக் கவ்வும்போது
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும்.

ஆனால் முந்துவதற்கு இடுக்கி இல்லை.

உஸ்ஸூரிஸ்க் சாலை, முன்னே மர லாரி.
வலப்பக்கம் இருக்கும் எனக்குத் தெரிவது
லாரியின் முதுகு மட்டும்.
எதிர்ச்சாலை இடப்பக்க இருக்கைக்குத்தான் தெரியும்.
பதினோரு வருடம் யெஃபிம் கழுத்தை நீட்டிப் பார்த்தான்,
“போ” என்றான்,
நான் போனேன்.
ஒருமுறையும் திரும்பக் கேட்டதில்லை.
வீட்டில் அவன் சொன்னதில் பாதியை நம்பியதில்லை,
சாலையில் அந்த ஓரெழுத்தை
உயிரோடு சேர்த்து நம்பினேன்.

இன்று அந்த இருக்கையில் ரிம்மா த்சோய்.
சந்தையில் காரட் ஊறல் விற்பவள்,
மடியில் வாளி, காலடியில் வாளி, கார் முழுக்கப் பூண்டு.
“ரிம்மா, எதிரே பார்த்துச் சொல்லேன்.”
பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.
“போகலாம் என்று நினைக்கிறேன்.”
நினைக்கிறேன் போதாது, ரிம்மா.
“ஏதோ வெள்ளையாக வருகிறது. மேகமாகவும் இருக்கலாம்.
இடது கண்ணில் புரை, உனக்குச் சொல்லவில்லையா?”

சொல்லவில்லை.

நாற்பது கிலோமீட்டர்.
மரப்பட்டைத் தூள் கண்ணாடியில் வந்து விழ,
லாரி எண்ணை மனப்பாடம் செய்தோம்.
ரிம்மா வாளியைத் திறந்து ஒரு பிடி காரட் தந்தாள்,
உறைப்பில் மூக்கு ஒழுகியது.
திரையில் அம்புக்குறி, சுற்றிலும் நீலம்.
முன்னே லாரி இல்லை, பின்னே யாரும் இல்லை.
அதில் மட்டும் நாங்கள்
தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தோம்.