தொலைவும் திசையும்

முதல் தகவல் அறிக்கையில் ஐந்தாவது கட்டம்:
சம்பவ இடம், நிலையத்திலிருந்து தொலைவும் திசையும்.
பதினேழு வருஷமாக நிரப்புகிறேன்.
வடக்கே ஒன்றரை கிலோமீட்டர், சித்தூர் ரோடு, டாஸ்மாக் எதிரில்.
கிழக்கே எழுநூறு மீட்டர், தண்டவாளத்துக்கு இப்பால்.
அப்பால் என்றால் ரயில்வே போலீஸ்,
நமக்கு வேலையில்லை.

கழிஞ்சூர் சாமுண்டி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர்.
விரல் நுனிகளில் பசை காய்ந்து இன்னொரு தோலாகியிருந்தது.
மகள் யுவராணி, இருபத்து நாலு,
சொகுசுக் கப்பலில் அறை துடைக்கிற வேலை.
கடைசியாகப் பேசியது புதன்கிழமை:
"ராவுல யாரோ கதவத் தட்றான்ப்பா.
எழுதிக் குடுத்துக்கிறேன்."
வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து மெயில்.
கடலில் குதித்துவிட்டதாகக் கருதுகிறோம்.
அந்தக் 'கருதுகிறோ'மை மட்டும்
பக்கத்து வீட்டுப் பையனை மூன்று தடவை படிக்கச் சொன்னாராம்.

கப்பல் யாருடையது, இன்ஸ்பெக்டர் கேட்டார்.
கம்பெனி ஒரு தேசம்.
கொடி இன்னொரு தேசம், அந்தத் தீவைக்
கப்பல் ஒருநாளும் பார்த்ததில்லை.
கிளம்பிய துறைமுகம் மூன்றாவது, சேர்ந்தது நாலாவது,
நடுவிலிருந்த தண்ணீர் யாருடையதும் இல்லை.
"டெல்லில பர்மிஷன் வாங்கணும் பெரியவரே."
சாமுண்டி தலையாட்டினார்.
சொன்னதில் அவருக்குத் தெரிந்த ஊர் அது ஒன்றுதான்.

நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் ஒரு உட்பிரிவு உண்டு:
எல்லைக்கு வெளியே எனில், அந்த நிலையத்தின் பெயர்.

வெள்ளம் வந்த கார்த்திகை அது.
வருஷமெல்லாம் மணலாய்க் கிடக்கிற பாலாறு
இரு கரையும் தின்றுகொண்டு போனது.
பாலத்துக்குக் கீழே ஏழாவது தூணில்
சிவப்புச் சட்டை ஒன்று சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.
தூணுக்கு இந்தப்பக்கம் நாங்கள்,
அந்தப்பக்கம் யாரோ.
வேலாயுதம் ஏட்டய்யா மூங்கிலை எடுத்தார்.
டார்ச் பிடித்தது நான்.
ஒரே நெம்பு. சட்டை ஒருமுறை மல்லாந்து
ஆற்றோடு போயிற்று.
"ராணிப்பேட்டைக்காரன் எழுதிக்கட்டும்."
டீ குடித்தோம். இஞ்சி அதிகம்.
அதுகூட ஞாபகமிருக்கிறது.
ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது.

கடலில் மூங்கில் கொஞ்சம் நீளம்,
அவ்வளவுதான்.

கடிதம் போயிற்று. எஸ்.பி. ஆபீஸ், சென்னை, டெல்லி, தூதரகம்.
பதில் வந்தது: உரிய நாட்டை அணுகவும்.
உரிய நாடு எதுவென்று கேட்டு எழுதினோம்.
அதற்குள் கப்பல் பதினோரு தடவை கரை தொட்டு
பதினோரு தடவை கிளம்பிவிட்டது.
அவள் படுத்த மேல் படுக்கையில் வேறொரு பெண்.
தரை துடைத்தாயிற்று, விரிப்பு மாற்றியாயிற்று,
கதவின் கைப்பிடியை மருந்து போட்டுத் தேய்த்தாயிற்று.
யுவராணிக்கும் அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்:
இருபத்திரண்டு நிமிஷத்தில்
இருந்தவரின் சுவடு வருகிறவருக்குத் தெரியக்கூடாது.

பெட்டி மட்டும் கூரியரில் வந்தது.
ஸ்டேஷன் மேஜையில் வைத்துத்தான் திறந்தார்.
சீருடையை வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பியிருந்தார்கள்.
முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.
சோப்பு வாசனை.
எழுதிக் கொடுத்த தாள் எதிலும் இல்லை.

போகும்போது கேட்டார்,
"எவ்ளோ தூரம்னு போட்டுக்கிறீங்க?"

ராத்திரி டூட்டியில் எழுதினேன்.
சம்பவ இடம்: கழிஞ்சூர், மூன்றாவது குறுக்குத் தெரு,
போன் வந்த வீடு.
தொலைவு: இரண்டு கிலோமீட்டர். திசை: மேற்கு.
காலையில் இன்ஸ்பெக்டர் சிவப்பு மையால் சுழித்து
"அடிச்சிட்டு எழுதுய்யா" என்றார்.
இன்னும் அடிக்கவில்லை.

கீழே எட்டாவது கட்டம் காலியாகக் கிடக்கிறது.
புகார்தாரர் தரப்பில்
தாமதத்துக்கான காரணம்.