பாதிப் பணத்துக்கு

அன்று சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்கிறீர்கள்,
சீமாட்டி மிராமோந்த். சொல்கிறேன்.
என்னிடம் கொடுத்தனுப்பியது எழுநூறு பொற்காசு,
வெள்ளி பூட்டிய சேணம் ஒன்று,
எரிநீர் மூன்று சிறு பீப்பாய்.
ஃபுவா கோட்டையில் தராசு பிடித்தவன்
எல்லாம் சேர்த்துப் பாதிதான் என்றான்.
பாதிக்குப் பிரபுவை விடமுடியாது.
அதற்குள் காய்ச்சலில் அவர் கண்ணை மூடியும் இருந்தார்.

நேர்மையான எதிரிகள்.
பாதிப் பணத்துக்கு எதைக் கொடுப்பது என்று
ஒரு மாலை முழுக்க வாதாடினார்கள்.
கடைசியில் இதயத்தைக் கொடுத்தார்கள்.
உடல், மீதி வந்த பிறகு.

உங்கள் பீப்பாயில் ஒன்றைத் திறந்து
கொஞ்சம் குடித்து, மிச்சத்தில் அவரை இறக்கி
தேன்மெழுகால் வாயடைத்தார்கள்.

எட்டு நாள் வழி.
கோவேறு கழுதையின் இடப்பக்கம் பீப்பாய்,
வலப்பக்கம் சரியாமலிருக்க உப்பு.
கய்யார் தெ மோலூப் பிரபுவின் இதயமும்
அரை மூட்டை உப்பும்
ஒரே எடை என்று அப்போதுதான் தெரிந்தது.

கரோன் துறையில் சுங்கக்காரன் மறித்தான்.
என்ன சரக்கு?
பிரபு, என்றேன்.
முகர்ந்து பார்த்தான்.
சாராயத்துக்கு வரி உண்டு, பிரபுக்களுக்குக் கிடையாது,
இரண்டும் ஒன்றாய் வந்தால் என்ன செய்வதென்று
அவன் ஏட்டில் எழுதியிருக்கவில்லை.
போ என்றான்.

ஐந்தாம் இரவு பனி.
கழுதையின் மூச்சு அதன் மீசையிலேயே உறைந்தது.
மெழுகை நகத்தால் கீறினேன்.
ஒரு மிடறு. மாதா மேல் ஆணை, ஒன்றுதான்.
பிறகு இன்னொன்று.

வேட்டைநாய்க் கொட்டடி கட்டுவதற்காக
என் அப்பன் நட்ட மூன்று வரிசைத் திராட்சையைப்
பிடுங்கி எறிந்தவர் அவர்.
நாக்கில் அதைத்தான் தேடினேன்.
கசக்கும், கரிக்கும் என்று.
உலர்ந்த பிளம் இருந்தது. புகை இருந்தது.
மழையில் நனைந்த சேணத்தோல் இருந்தது.
அடித்தொண்டையில் மட்டும் லேசாய் இரும்பு.
விரல்கள் ஒவ்வொன்றாய் எனக்குத் திரும்பி வந்தன.
எரிநீருக்கு நாற்பது குணம் என்பார் ஓஷ் நகரத்துத் துறவி.
எனக்கு ஒன்று தெரியும்:
அந்த மனிதரிடமிருந்து என் குடும்பம் பெற்ற முதல் உபகாரம்
அந்தச் சூடு.

இதே கூடத்தில், இதே தரையில் மண்டியிட்டு
இதையெல்லாம் ஒப்புக்கொண்டேன்.
பாதிரியார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.
காவலன் சாட்டையை எடுத்துவிட்டான்.
நீங்கள் கிண்ணம் கேட்டீர்கள்.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தீர்கள்.
மூக்கருகே வைத்து வெகுநேரம் நின்றீர்கள்.
ஒரு துளி நாக்கில்.
கண்ணை மூடினீர்கள். அழுகிறீர்கள் என்று நினைத்தோம்,
நீங்கள் வருஷத்தைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.
"ஆலங்கட்டி விழுந்த வருஷம்.
தெற்குச் சரிவுக் கொடி.
இன்னும் ஆறு வருஷம் மரத்தில் கிடந்திருக்கணும்.
இந்த ஆளுக்காக அவசரப்பட்டேன்."

பலிபீடத்தின் கீழே குழி தயார் என்றார் பாதிரியார்.
"குழி எங்கே போய்விடும்?
கருவாலிப் பீப்பாய்க்கு மாற்றி
வடக்குச் சுவரோரம் வையுங்கள்.
முழுசாய் வந்து சேரட்டும், புதைக்கலாம்."
மீதிப் பணத்தைப் பற்றி நீங்கள் பேசவில்லை.
அந்த வருஷம் இரண்டு கொப்பரை புதிதாய் வார்த்தீர்கள்.
அடுத்த வருஷம் நாய்க் கொட்டடி இருந்த இடத்தில்
கொடி நட்டீர்கள். மூன்று வரிசை.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஆறு வருஷம் போயிற்று.
கழுதை செத்தது. என் பல்லும் பாதி போயிற்று.
நேற்றிரவு ஆள் அனுப்பினீர்கள்:
மென்ஜோலே உடனே வரவேண்டும்,
அன்றைய ருசி தெரிந்தவன் வேறு எவனும் இல்லை என்று.

வந்துவிட்டேன்.
மேசைமேல் இரண்டு கிண்ணம் இருக்கிறது.
பீப்பாய் நான் நினைத்ததைவிடக் கறுத்திருக்கிறது.

மெழுகை இந்த முறை
நீங்கள் கீறுங்கள், சீமாட்டி.