சரக்கின் விவரம்

மணலி கன்டெய்னர் யார்டு,
ஏழாம் வரிசை, அடித்தட்டு.
நாலு வருஷமாக எவனும் கேட்டு வராத பெட்டியின் சீலை
கட்டர் வைத்து வெட்டினான் ஆதிமூலம்.
உள்ளே இருட்டு. இருட்டில் ஒரு மூக்கு.
அந்த மூக்கு முடிந்து
ஆள் உட்காரும் இடம் வருவதற்குள்
டார்ச்சை இரண்டு முறை நகர்த்த வேண்டியிருந்தது.

என் வேலை எழுதுவது.
பெட்டி எண். சீல் எண்.
நிறம்: தூசிக்குக் கீழே மஞ்சள்.
சேதம்: இடப்பக்கக் கண்ணாடியில் கீறல், எலி குடியிருந்த அடையாளம்.
அப்புறம் சரக்கின் விவரம்.
பழைய தாளில் யாரோ அடித்திருந்தார்கள்,
'அசல் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், ஒன்று.'
அசல் என்றால் எதை வைத்து அசல்?
எழுதிக் கொடு கஜலட்சுமி, அப்படியே காப்பி அடிக்காதே,
ஏலம் எடுப்பவன் நாளைக்குக் கேஸ் போடுவான்
என்றார் சர்வேயர், ஏசி அறைக்குப் போய்விட்டார்.

எபினேசர் பானெட்டைத் தூக்கினான்.
நாலும் நாலும் எட்டு சிலிண்டர்,
சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி
ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து.
"இதாங்க்கா. இத்த கழட்டிட்டா மீதி தகரம்."
மஸ்தான் அடியில் படுத்துப் பார்த்தார்.
"பின்சக்கரம் தள்ளுது.
முன்னால இழுக்கறதெல்லாம் ஆபீசுக்குப் போற வண்டி."
"ரெண்டே சீட்டு" என்றான் ஆதிமூலம்,
மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்,
வேறொன்றும் சொல்லவில்லை.
கிரேனிலிருந்து இறங்கி வந்த தேவசகாயம்
"அதுக்குத் திரும்பத் தெரியாதுபா,
அவுங்க ஊர்ல ரோடு நேரா கெடக்கும்" என்க,
அதெல்லாம் பழைய பேச்சு, இப்ப நல்லாத் திரும்பும்,
போனில் பார்த்தேன் என்று எபினேசர் எகிற,
கால் மணி நேரம் அமெரிக்காவுக்காக
இரண்டு பேர் கத்திக்கொண்டார்கள்.

டீ கொண்டுவந்த சம்பூர்ணம்தான் கேட்டாள்:
"லிட்டருக்கு எவ்ளோ தரும்?"

எல்லாரும் சிரித்தார்கள்.
நான் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
இந்தக் கேள்விக்கு வெட்கப்படாத வண்டி.

டிரெய்லரின் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும்
ஒயர் இழுத்தார் மஸ்தான்.
பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக ஐந்து லிட்டர்.
முதலில் இருமல்.
பிறகு ஒரு பெருமூச்சு.
பிறகு என் எழுதுபலகையின் கிளிப்
தானாக நடுங்கிப் பேச ஆரம்பித்தது.
டீ கிளாஸோடு சம்பூர்ணம் நாலு அடி பின்னால் போனாள்,
போய், ஒரு அடி முன்னால் வந்தாள்.

எடைமேடை முந்நூறு மீட்டர்.
"ஏறுக்கா" என்றான் எபினேசர்.
நான் வலது பக்கம் ஏறினேன்.
தண்டையார்பேட்டை டிரைவிங் ஸ்கூலில்
இருபத்தாறு நாள் உட்கார்ந்த அதே பக்கம்.
லைசென்ஸ் இருக்கிறது. கார் இல்லை.
இங்கே எதிரில் ஸ்டீயரிங்கும் இல்லை,
ஒரு சின்ன அலமாரி, அதற்குள் எலிப் புழுக்கை.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்
எண்ணூர் துறைமுகத்துக்கு மூன்றாவது நாளாக வரிசை.
டிரெய்லருக்கு அடியில் தூளி கட்டித் தூங்கியவர்கள்
ஒருவர் பின் ஒருவராகத் தலையை நீட்டினார்கள்.
கரண்டியோடு ஒருவர் எழுந்து நின்றார்.
மீட்டரில் நூற்றெண்பது வரை எண்கள், அதுவும் மைல்.
முள் பத்தைத் தாண்டவில்லை.
முதல் கியரிலேயே போனோம்.
அந்த நீள மூக்கின் முனையில்
ரோடு மட்டும் எங்களுக்கு முன்னால் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

எடைமேடையில் எங்களையும் சேர்த்து எண் விழுந்தது.
இறங்கச் சொன்னார்கள். இறங்கினோம்.
நூற்றிருபது குறைந்தது.
மீதியை எழுதினேன்.
'அசல்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு
சர்வேயருக்கு என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி ஷேர் ஆட்டோவில்
டிரைவர் பக்கத்தில் ஒற்றைத் தொடையில் உட்கார்ந்து வருகிறேன்.
"காலை அந்தாண்ட வைம்மா" என்கிறார் அவர்.
பார்க்கிறேன்.
என் வலது கால்
வெறும் தகரத்தை
அழுத்திக்கொண்டிருக்கிறது.