தெற்கு எல்லை

உறுதியில் இப்படித்தான் இருக்கிறது:
வசாவிளான் இறையில் ஆறு பரப்பு, மூன்று குழி.
கிழக்கு ஒழுங்கை.
வடக்கு தியோகுப்பிள்ளை மனைவி றெஜினா.
மேற்கு செபமாலை பிள்ளைகள்.
தெற்கே இருந்தவரின் பெயரில் பாதியைக்
கறையான் தின்றுவிட்டது.
இவ்வெல்லைக்குள்பட்ட நிலம், பனை, வடலி, கிணறு முழுவதும்.

இருபத்தேழு வருடம் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி
முகாம் முகாமாய்க் கொண்டு திரிந்தேன்.
விடுவித்த அன்று போனால்
காணியைக் காணவில்லை.
நாயுண்ணி, காரை, ஆளுயரம் தாண்டிய இலந்தை,
குசினி இருந்த இடத்தில் ஒரு விளாத்தி,
அதன் கீழே ஈச்சங்கொட்டை நிறைந்த மரநாய் எச்சம்.
மண்டையோட்டுப் பலகை மூன்று மொழியில் சொன்னதை
நரி வாசிக்கவில்லை.
எங்களை வெளியே நிறுத்திய முட்கம்பிக்குக் கீழே
அது ஒரு வாசல் தோண்டியிருந்தது,
மண் வழவழத்துப்போகுமளவு பழைய வாசல்.

பெக்கோவுக்கு மணிக்கு ஐயாயிரத்து ஐந்நூறு, டீசலோடு.
கிளிநொச்சிப் பெடியன், சயந்தரூபன்.
முதல் மணித்தியாலம் வடக்கு மூலை.
உடும்பொன்று ஓடிப்போய்ப் பனையில் ஏறியது.
அந்தப் பனையையும் சாய்க்கச் சொல்லியிருந்தேன்.
மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது.

கவுதாரி மட்டும் பறக்கவில்லை.
வாளி வரும்வரை இருந்தது.
வாளி வந்தபிறகும்
இருந்த இடத்திலேயே இருந்தது.
பிறகு மண் இருந்தது.

புலுனிகள் ஏழெட்டு, கம்பியில் நெருங்கி இருந்து கத்தின.
நிவாரண வரிசையில் நாங்கள் கத்தியதுபோல
என்று சொல்ல வாய் வந்தது.
அப்படியில்லை.
எங்களிடம் கூப்பன் இருந்தது.

இரண்டாம் நாள் ஓர் ஆமை,
முதுகு நிறைய மஞ்சள் நட்சத்திரம்.
சயந்தரூபன் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி
(மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது)
ஒழுங்கைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டான்.
பின்னேரம் திரும்பி வந்தது.
உரப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் வைத்து,
குரும்பசிட்டிப் பக்கம் விட்டுவிட்டு வந்தோம்.
ஒன்பதாம் நாள் விடிய
அத்திவாரக் கிடங்குக்குள் நின்றது.
கால் நகமெல்லாம் செம்மண்.

அதற்கு இடம் தெரிந்திருக்கிறது.
நான் என் கிணற்றைக் கண்டுபிடிக்க
நில அளவையாளருக்குப் பன்னீராயிரம் கொடுத்தேன்.

இப்போது தகரக் கொட்டிலில் படுக்கிறேன்.
இரவில் தெற்கே ஊளை.
அந்தக் காணிக்கு ஒருவரும் வரவில்லை.
கனடாவில் என்கிறார்கள், செத்துப்போனார் என்கிறார்கள்,
பிள்ளைகள் விற்கப்போகிறார்கள் என்றும் கதை.
நாலு பரப்புக்குள்
நரி, முயல், கீரி, பாம்பு, பாம்பு தின்னும் எலி,
ஒன்றையொன்று பார்த்தபடி.
கோணாப்புலத்தில் ஒரு கொட்டிலுக்குள்
மூன்று குடும்பம் படுத்திருந்தோம்.
யார் முதலில் யாரைத் திட்டத் தொடங்குவார்கள் என்று
எனக்குத் தெரியும்.
இவற்றுக்குத் திட்டு இல்லை, பல் இருக்கிறது.

காணியை மகளின் பெயருக்கு மாற்றவேண்டும்.
நொத்தாரிசு எல்லை கேட்டார்.
தெற்கு யாருடைய ஆட்சி?
சொன்னேன்.
பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
பிறகு அவராகவே எழுதினார்:
தெற்கு, உரித்தாளர் அறியப்படாத பற்றைக்காணி.
கையெழுத்து வைத்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அடித்தது.
தெரியாத இலக்கம், கடல் தாண்டிய குரல்,
மிகவும் மரியாதையான குரல்.
"அக்கா, நாங்கள் உங்கட தெற்குக் காணிக்காரர்.
அப்பா போன மாசம் மோசம் போனவர்.
உங்களுக்குத் துப்புரவாக்கின பெக்கோப் பெடியன்ர
நம்பர் கிடைக்குமோ?"

என்னிடம் இருந்தது.
ஒவ்வோர் இலக்கமாய்ச் சொன்னேன்,
அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.
ஏழாவது இலக்கத்தில்
கொஞ்ச நேரம் நின்றேன்.