ஆயிரம் பாயிண்ட்

ஆயிரம் பாயிண்டுக்குள் முடிக்க வேண்டும்.
வெள்ளி ராத்திரி பன்னிரண்டுக்குள் பட்டியல்,
ஞாயிறு காலை மேஜை.

மட்டில்டா ஒன்று இருநூற்று நாற்பது.
தோல் தடிமன். நடை, தேர் நிலைக்குத் திரும்புகிற நடை.
வேலன்டைன் நூற்று அறுபத்தைந்து,
பேரில்தான் காதல், பீரங்கி சின்னது.
ஸ்டூவர்ட் நூற்றுப் பத்து:
ஓடும், ஒளியும், தும்மினால் உடையும்.

எதிரே பிலோமின்ராஜ்.
ஆவடியில் நிஜ டாங்கிக்குப் பல்சக்கரம் பொருத்துகிறவன்.
பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கு நின்றுவிட்டு
சாயங்காலம் கட்டைவிரல் நீள டாங்கிக்கு
மூன்று முடி பிரஷ்ஷால் சேறு பூசுவான்.
கனம் என்றால் என்னவென்று தெரிந்தவன்,
கனமானதை எடுக்கவே மாட்டான்.
இந்தத் தடவை கடலிலிருந்து வருகிறான், ஜப்பான்காரனாக.
மிதக்கும் டாங்கிகள். பெயர் கா-மி.
'எங்கே, காமி' என்றேன்.
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காமித்தான்.

எங்கள் கதை இது:
இருபதுகளில் ஏதோ ஒரு கூட்டத்தில்
கை தூக்க வேண்டிய ஒருவருக்கு வயிற்றுப்போக்கு.
ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது,
மாம்பலம் ஏரியை யாரும் தூர்க்கவில்லை.
இப்போது நாற்பத்து மூன்று, ஐப்பசி,
எண்ணூரில் எதிரி இறங்கியாயிற்று.

ஆகவே மேஜையில்
பனகல் பார்க் இல்லை. ரங்கநாதன் தெரு இல்லை.
ஆடித் தள்ளுபடியும் இல்லை,
நெரிசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவரும் இல்லை.
நான்கடிக்கு நீலப் பெயின்ட், மேலே வார்னிஷ்,
ஓரத்தில் பாத்திரம் தேய்க்கும் நாரைக் கிழித்துச் செய்த கோரை.

கரை எதுவரை என்று ஒரு மாதம் சண்டை.
பழைய வரைபடம் இரண்டு, இரண்டும் இரண்டு விதம்.
தவ்லத்தான் கேட்டாள்:
'ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல உங்க வீட்ல எதுவரைக்கும் வந்துச்சு?'
லேக் வியூ ரோட்டில் வீடு வீடாய் ஏறினோம்.
அந்த டிசம்பர் விட்டுப்போன பழுப்புக் கோட்டை
டேப் வைத்து அளந்தோம்.
கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தவர்கள்
கையால் காட்டினார்கள்: இடுப்பு, மார்பு,
சுவிட்ச் போர்டு.
அதைத்தான் சிறிதாக்கி வரைந்தோம்.

என் வீடு கரையிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே.
தண்ணீரில்.

ஜெயித்தாலும் திரும்பிப் போக முகவரி கிடையாது.
அப்பா லோன் போட்டு வாங்கிய அரை கிரவுண்டில்
கெண்டை நீந்துகிறது.

ஈர மண் விதியை நான்தான் எழுதினேன்:
கனரகம் கரையைத் தொட்டால் பகடை உருட்டு,
மூன்றோ கீழோ விழுந்தால்
ஆட்டம் முடியும்வரை அங்கேயே நிற்கும்.
எழுதியவளே மட்டில்டா இரண்டு என்று குறித்தேன்.
வேலன்டைன் இரண்டு, ஸ்டூவர்ட் ஒன்று.
கூட்டிக்கொண்டிருக்கும்போது
மாடியிலிருந்து மாமா கத்தினார்:
'டேங்க் ரொம்பிடுச்சா?'
'இன்னும் எண்பது பாக்கி' என்றேன்.
மோட்டாரை அணைக்கப் போனேன். வழிந்த தண்ணீர்
படியிறங்கி வாசல்வரை வந்திருந்தது.

திரும்பி வந்து ஒரு மட்டில்டாவை அடித்தேன்.
ஸ்டூவர்ட் மூன்று. எண்பதுக்கு ஒரு சப்ளை லாரி.
மிச்சம் இருபது.

இருபதுக்கு மணல் மூட்டை வரும், ஒரு மோப்ப நாய் வரும்.
பட்டியலின் கடைசி வரியில், யாரும் எடுக்காத
படகு, மரம், துடுப்புடன்.
அன்றைக்குக் காசிமேட்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்தது
எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் திரும்பி
அம்மாவை முதலில் கொண்டுபோனது,
பிறகு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்த பூனையை.

ஞாயிறு அதை ஆறு அங்குலத்தில் வைத்தேன்.
பிலோமின் விதிப் புத்தகத்தைப் புரட்டினான்.
'இது பார்வைக்கோட்டை மறைக்குமா?'
'மறைக்காது.'
'அப்ப சரி' என்று தன் கா-மியை
அரை அங்குலம் விலக்கி ஓட்டினான்.

என் ஒரே மட்டில்டா
முதல் உருட்டலிலேயே இரண்டு விழுந்து
சேற்றில் நின்றது.